ஈழத்திற் கிறித்தவத்தின் தோற்றுவாய்: மரபும் சான்றும்

கொழும்பு மாநகரின் வடபாலுள்ள கொட்டாஞ்சேனையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் பல சமயங்கள் அருகருகே வாழும் இடங்களாம். புனித லூசியா பேராலயமும், ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் திறந்துவைத்த வுல்பெண்டால் தேவாலயமும், கருங்கற் பணியாற் சிறந்த பொன்னம்பலவாணேசுவரர் ஆலயமும் ஒன்றுக்கொன்று நடைதூரத்திலேயே நிற்கின்றன. இப்பகுதியைச் சேர்ந்த ஜிந்துப்பிட்டியிற் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும் உண்டு; தோமையார் பெயர் தாங்கிய கிறித்தவ ஆலயமும் உண்டு. 'சான் தோமே' என்னும் போர்த்துக்கேயப் பெயரே 'ஜிந்து' எனத் திரிந்தது என்பாரும் உளர். யேசு கிறிஸ்துவின் பன்னிரு சீடருள் ஒருவராகிய தோமையார் இம்மேட்டில் நின்று போதித்தார் என்றொரு செவிவழிச் செய்தியும் அங்கு வழங்கி வந்துள்ளது.

இச்செய்தி மெய்யாயின், கிறித்தவம் ஈழத்தை அடைந்தது கி. பி. முதலாம் நூற்றாண்டிலாகும். இதற்கு நேர்மாறாக, கிறித்தவம் 1505இற் போர்த்துக்கேயர் கப்பலில் வந்திறங்கிய சமயமே என்று கூறுவோர் நம்மவரிற் பலர். இவ்விரு கூற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம் ஏறக்குறைய 1450 ஆண்டுகள். முதற்கூற்றைச் சொல்வோர் தம் சமயத்துக்குத் தொன்மை தேடுகின்றனர். இரண்டாவதைச் சொல்வோர் அச்சமயத்தை அந்நிய ஆட்சியின் நிழலாகவே காண விரும்புகின்றனர். விருப்பம் வரலாறாகாது. கிடைத்துள்ள சான்றுகளை நடுநிலையோடு நோக்குமிடத்து, உண்மை இவ்விரண்டிற்கும் இடையே வேறோரிடத்தில் இருத்தல் புலனாகும்.

இதனை ஆராய்வார் மூன்று வினாக்களுக்கு விடை காணல்வேண்டும். ஈழத்துக்குக் கிறித்தவத்தை முதலிற் கொணர்ந்தோர் யாவர்? அவர் கொணர்ந்த போதனை யாது? இவற்றை முடிவு செய்தற்குக் கொள்ளத்தக்க அளவுகோல் யாது? மூன்றாவது வினாவே இந்து மாணவர்க்கு இன்றியமையாதது. பிறர் மரபை அளக்கக் கொண்ட கோலினாலேயே தம் மரபையும் அளக்க அவர் ஒருப்படல் வேண்டும்.

தோமையார் மரபு

தோமையார் இந்தியாவுக்கு வந்த கதையை விரித்துரைக்கும் நூல்களுள் மிகப் பழையது 'தோமையார் நடபடிகள்' என்பது. இது கி. பி. 3ஆம் நூற்றாண்டில், எதேசா நகரைச் சார்ந்து, சுரியானி எனப்படும் சீரிய மொழியில் எழுந்தது என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோரின் துணிபு. தோமையார் அடிமையாக விற்கப்பட்டு, ஒரு வணிகனோடு இந்திய மன்னன் ஒருவனிடம் வந்தாரென்றும், மாளிகை கட்டுமாறு மன்னன் கொடுத்த பொருளையெல்லாம் ஏழைகளுக்கு ஈந்து அவனுக்கு விண்ணுலகில் மாளிகை அமைத்தாரென்றும், பின்னர் வேறொரு மன்னன் நாட்டில் ஈட்டியாற் குத்துண்டு இறந்தாரென்றும் அந்நூல் கூறுகின்றது.

இக்கதை முழுதும் கற்பனை என்றே அறிஞர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 19ஆம் நூற்றாண்டிற் காபூல், பஞ்சாப் பகுதிகளிற் கிடைத்த நாணயங்கள் அவ்வெண்ணத்தை ஓரளவு மாற்றின. கதையில் வரும் மன்னன் பெயர் கொந்தோபரஸ் என அந்நாணயங்களிற் பொறிக்கப்பட்டிருந்தது. அவன் கி. பி. முதலாம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட பார்த்திய மரபினன் என்பதும் தெளிவாயிற்று.

எனினும் இச்சான்றின் வலிமையை அளவறிந்து கொள்ளுதல் வேண்டும். கதையில் வரும் மன்னன் மெய்யாகவே வாழ்ந்தவன் என்பது நிறுவப்பட்டது. கதை நிகழ்ந்தது என்பது நிறுவப்படவில்லை. நம் தலபுராணங்களிலும் வரலாற்றில் வாழ்ந்த சோழ பாண்டியர் பெயர்கள் வருகின்றன. அதுகொண்டு அப்புராணச் செய்தி ஒவ்வொன்றையும் வரலாறு என எவரும் கொள்வதில்லை. அன்றியும், கொந்தோபரஸின் நாடு தக்கசீலத்தைச் சார்ந்தது. மயிலாப்பூரும் கொழும்பும் அதற்கு மிகத் தொலைவில் உள்ளவை.

தோமையார் கி. பி. 52இற் கொடுங்கல்லூரில் வந்திறங்கினார், 72இல் மயிலாப்பூரில் உயிர் துறந்தார் என்பது கேரளக் கிறித்தவரின் மரபு. அது வாய்மொழியாக நெடுங்காலம் வழங்கிப் பிற்காலத்தில் எழுத்தில் இடம்பெற்றது. அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தைச் சோழமண்டலக் கரையிலே காட்டும் மேல்நாட்டுக் குறிப்புகளுட் பெயர் பெற்றது மார்க்கோ போலோ எழுதியது. அவர் இக்கரைக்கு வந்தது 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலாகும். 4ஆம் நூற்றாண்டிலே திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியஸ், தோமையாருக்குக் கிடைத்த நாடு பார்த்தியா என்றே குறித்தார். பன்தேனுஸ் என்னும் அலெக்சாந்திரிய ஆசிரியர் இந்தியாவுக்குச் சென்றார் எனவும் அவர் எழுதினார். ஆயின், அங்கு முன்னரே போதித்தவராக அவர் சுட்டுவது பர்த்தலோமேயுவையே. அக்காலத்துக் கிரேக்கர் அரேபியாவின் தென்கரையையும் எத்தியோப்பியாவையுங்கூட 'இந்தியா' என வழங்கினர் என்பதும் மறக்கற்பாலதன்று.

ஒருவர் அக்காலத்தில் உரோம நாட்டிலிருந்து தமிழகத்துக்கு வருதல் இயலுமா எனின், நன்கு இயலும். பருவக்காற்றின் துணையோடு யவனர் கலங்கள் முசிறிக்கு வந்து பொன் தந்து மிளகு பெற்றுச் சென்றன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழ்வு இவ்வணிகத்தை மண்ணிலிருந்தே மெய்ப்பித்தது. ஆனால், இயலும் என்பது வேறு. நிகழ்ந்தது என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளுதலே வரலாறு எழுதுவோர் பலர் இடறி விழும் இடமாகும்.

இவ்வையம் கிறித்தவருக்குப் புறம்பானோர் மட்டும் எழுப்புவதன்று. 2006ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்திற் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட், தோமையார் மேலை இந்தியா வரை சென்றார் என்றும், அங்கிருந்தே கிறித்தவம் தென்னிந்தியாவை அடைந்தது என்றும் பொருள்படப் பேசினார். அதனாற் கேரளக் கிறித்தவர் சிலர் மனம் வருந்தினர். பின்னர் வெளியிடப்பட்ட உரையில் அப்பகுதி திருத்தப்பட்டது. தோமையார் மரபு கேரளக் கிறித்தவரின் நம்பிக்கைக்குரிய பழைய மரபு. ஆராய்ச்சியால் முற்றாக நிறுவப்பட்டதுமன்று, முற்றாக மறுக்கப்பட்டதுமன்று. ஈழத்தைப் பொறுத்தவரையில், ஜிந்துப்பிட்டிச் செய்திக்கு முதல் நூற்றாண்டைச் சார்ந்த எழுத்துச் சான்றோ கற்சான்றோ கிடைத்திலது.

பாரசீக வணிகரும் அநுராதபுரச் சிலுவையும்

செவிவழிச் செய்தியை விடுத்து எழுத்துச் சான்றுக்கு வருமிடத்து, ஈழத்துக் கிறித்தவத்தைப் பற்றிய ஐயமற்ற முதற் குறிப்பு 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கிடைக்கின்றது. அலெக்சாந்திரிய நகர வணிகராயிருந்து பின்னர்த் துறவியான கொஸ்மாஸ் என்பார் கி. பி. 550ஐ ஒட்டி 'கிறித்தவ நிலவியல்' என்னும் நூலை எழுதினார். தப்ரபேன் எனக் கிரேக்கரும், சீலெதீபா என இந்தியரும் வழங்கும் தீவிற் பாரசீகக் கிறித்தவரின் சபை ஒன்று உண்டு என்றும், பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்ட குருவும் ஓர் உதவிக் குருவும் அங்கு உளர் என்றும், வழிபாட்டு முறைகள் யாவும் அங்கு நடைபெறுகின்றன என்றும் அந்நூல் கூறுகின்றது. நாட்டு மக்களும் மன்னரும் வேறு சமயத்தினர் என்பதையும் அவர் ஒளிக்காமற் சொல்லியுள்ளார்.

கொஸ்மாஸ் ஈழத்துக்கு நேரில் வந்தாரா, வந்தோர் வாய்க்கேட்டு எழுதினாரா என்பது வாதத்துக்குரியது. எனினும் அவர் தரும் வணிகச் செய்திகள் நம்பத்தக்கவை. இந்தியா, பாரசீகம், எத்தியோப்பியா ஆகிய நாட்டுக் கலங்கள் இத்தீவின் துறைமுகங்களிற் கூடின. பாரசீகத்திலிருந்து மன்னனுக்கெனக் கொணரப்பட்ட குதிரைகளுக்குச் சுங்கம் விதிக்கப்படவில்லை. குதிரை வணிகர் இங்குத் தங்கினர். தங்கியவருட் கிறித்தவர் தமக்கென ஒரு குருவை வரவழைத்துக்கொண்டனர். ஈழத்திற் கிறித்தவத்தின் தோற்றுவாய் இவ்வளவு எளியது.

எழுத்துச் சான்றோடு கற்சான்று ஒன்றும் பொருந்தி வருகின்றது. 1912இல், தொல்பொருளாணையாளராயிருந்த அயிற்றனின் காலத்தில், அநுராதபுரத்தில் நடந்த அகழ்வின்போது வழவழப்பாக்கப்பட்ட கருங்கற்றூண் ஒன்றின் பக்கத்திற் குடைந்து செதுக்கிய சிலுவை ஒன்று வெளிப்பட்டது. படிகள் அமைந்த பீடத்தின்மேல் அச்சிலுவை நிற்க, பீடத்தின் இருமருங்கிலிருந்தும் இலைகள் மேல்நோக்கி வளைந்துள்ளன. தொடக்கத்தில் இதனைப் போர்த்துக்கேயர் காலத்தது என்றே எண்ணினர். பின்னர்க் கொட்றிங்ரன் முதலிய வரலாற்றாசிரியர் இதனைக் கொஸ்மாஸ் கூறும் பாரசீகச் சபையோடு இணைத்துக் காட்டினர்.

அவர் கருத்துக்கு ஆதாரம் யாதெனின், இவ்வமைப்பையுடைய சிலுவைகள் தென்னிந்தியாவிலும் கிடைத்திருப்பதாகும். சென்னையை அடுத்த பரங்கிமலையில் 1547இல் வெளிப்பட்ட சிலுவையைச் சூழப் பழைய பாரசீக மொழியாகிய பகலவி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. பேணல் என்பார் 1873இல் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். அவ்வெழுத்துகளின் வாசகத்தைப் பற்றி அறிஞரிடையே இணக்கமில்லை. அவை பகலவி என்பதில் இணக்கமுண்டு. கொல்லத்திலுள்ள தரிசாப்பள்ளிக்கு கி. பி. 849இல் வழங்கப்பட்ட செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அதன் சாட்சிக் கையொப்பங்களோ அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் அமைந்துள்ளன. பாரசீகக் கடல் வணிகரும் கிறித்தவச் சபையும் இப்பகுதியில் ஒன்றாய் இயங்கியதை இச்செப்பேடு நன்கு விளக்குகின்றது.

எனவே, இன்றுள்ள சான்றுகளின்படி, 6ஆம் நூற்றாண்டில் ஈழத்திற் கிறித்தவர் இருந்தனர், அவர் பாரசீகர், அவரைக் கொணர்ந்தது வணிகம். கிறித்தவம் போர்த்துக்கேயரோடுதான் வந்தது என்னுங் கூற்று இதனால் வீழ்கின்றது. போர்த்துக்கேயரின் வருகைக்கு ஏறக்குறைய 950 ஆண்டுகளுக்கு முன்னரே சிலுவை இத்தீவில் வணங்கப்பட்டது. தோமையார் இங்கு வந்தார் என்பதற்கும் இச்சான்றுகள் துணை செய்யவில்லை என்பதை உடன் கூறல்வேண்டும்.

அவர் கொணர்ந்த போதனை

இனி இரண்டாவது வினாவை நோக்குவோம். அநுராதபுரத்துப் பாரசீகர் கைக்கொண்ட கிறித்தவமும் பிற்காலத்திற் போர்த்துக்கேயர் புகுத்திய கிறித்தவமும் ஒன்றா? அன்று. இதனை விளங்கிக்கொள்ளுதற்குக் கிறித்தவ போதனை வளர்ந்த வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

யேசு பேசிய மொழி அரமேயம். அவர் நூலெதனையும் எழுதி வைத்திலர். புதிய ஏற்பாட்டு நூல்களோ கிரேக்க மொழியில் உள்ளன. அவற்றுட் காலத்தால் முந்தியவை பவுல் எழுதிய நிருபங்கள், அவை கி. பி. 50ஐ ஒட்டித் தொடங்குவன. நான்கு சுவிசேஷங்களும் ஏறக்குறைய கி. பி. 70 முதல் 100 வரையில் இன்றைய வடிவம் பெற்றன என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோரின் கருத்து. அந்நான்கேயன்றி வேறு பல சுவிசேஷங்களும் அக்காலத்தில் வழங்கின. 1945இல் எகிப்து நாட்டு நாக் அம்மாதி என்னுமிடத்தில் ஒரு சாடியினுள் அகப்பட்ட ஏடுகளிடையே தோமையார் பெயரால் வழங்கிய சுவிசேஷம் ஒன்றும் இருந்தது. எந்நூல் ஏற்புடையது, எந்நூல் தள்ளற்பாலது என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. இன்று வழங்கும் 27 நூல்களையும் அவ்வாறே எண்ணிக் காட்டும் முதற் பட்டியல் அத்தனாசியு என்னும் அலெக்சாந்திரியப் பேராயர் 367ஆம் ஆண்டு எழுதிய திருமுகத்திலேதான் காணப்படுகின்றது.

கோட்பாடும் இவ்வாறே வழக்காடி வளர்ந்தது. கிறிஸ்து பிதாவோடு ஒரே பொருளினரா, அவராற் படைக்கப்பட்டவரா என்னும் வினாவுக்கு 325இல் நீக்கேயாப் பேரவை விடை கூறிற்று. மரியாளைத் 'தேவனின் தாய்' எனல் தகுமா, 'கிறிஸ்துவின் தாய்' எனலே தகுமா என்ற வினா அடுத்த நூற்றாண்டிற் பெரும் பிளவாயிற்று. வெளிநோக்கிற் சொல் வழக்குப்போலத் தோன்றும் இதன் உள்ளே, கிறிஸ்துவிடத்துத் தெய்வத் தன்மையும் மானிடத் தன்மையும் எவ்வாறு ஒன்றியிருந்தன என்னும் ஆழ்ந்த வினா இருந்தது. கொன்ஸ்தாந்திநோப்பிளின் பேராயர் நெஸ்தோரியு இரண்டாவது வழக்கையே விரும்பினார். 431இற் கூடிய எபேசுப் பேரவை அவரைப் பதவி நீக்கிற்று.

பாரசீகச் சபை அத்தீர்ப்பை ஏற்கவில்லை. இதற்குக் கோட்பாடு மட்டும் காரணமன்று. பாரசீகமும் உரோமும் பகை நாடுகள். உரோமப் பேரரசனின் சமயத்தைப் பின்பற்றுவோர் என்ற ஐயம் பாரசீகக் கிறித்தவருக்கு உயிராபத்தாயிருந்தது. எபேசுப் பேரவைக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னரே, 424இல், தம் தலைவரின் தீர்ப்புக்குமேல் மேற்குநாட்டுப் பேராயரிடம் முறையிடுதல் இல்லை என அவர் முடிவு செய்துகொண்டனர். அரசியற் பிரிவு முன்னர் வந்தது. கோட்பாட்டுப் பிரிவு பின்னர் வந்து அதனை உறுதிப்படுத்தியது. அச்சபையை 'நெஸ்தோரியர்' எனப் பிறர் அழைத்தனர். கீழைத் திருச்சபை என்பதே பொருத்தமான பெயர் என இக்கால ஆராய்ச்சியாளர் கொள்வர்.

இவர்தம் வேதநூலும் சிறிது வேறுபட்டது. பெஷித்தா எனப்படும் சீரிய மொழிப் புதிய ஏற்பாட்டில் 22 நூல்களே இருந்தன. பேதுருவின் இரண்டாம் நிருபம், யோவானின் இரண்டாம் மூன்றாம் நிருபங்கள், யூதாவின் நிருபம், வெளிப்படுத்தின விசேஷம் ஆகிய ஐந்தும் அதில் இல்லை. சீரியரிடையே பொது நிருபங்களுள் மூன்றே வழங்குகின்றன என்பதைக் கொஸ்மாஸே தம் நூலிற் குறித்துள்ளார். ஆகவே, ஈழத்துக்கு வந்த முதற் கிறித்தவம் எபேசுத் தீர்ப்பை ஏற்காத கிறித்தவம். அதன் புதிய ஏற்பாடு, சீரிய மொழியில் அமைந்த, 22 நூல்களைக் கொண்ட ஏற்பாடு எனக் கொள்ளுதல் பொருந்தும். கிறித்தவ போதனை தொடக்கத்திலிருந்தே எங்கும் ஒரே வடிவினதாயிருந்தது என்பாருக்கும், அதன் வரலாறு உரோமாபுரியின் வரலாறே என்பாருக்கும் அநுராதபுரத்துக் கற்றூண் மறுமொழி கூறிக்கொண்டிருக்கின்றது.

இரு கிறித்தவங்களின் சந்திப்பு

அப்பழைய சபை ஈழத்தில் நிலைத்திலது. அது வணிகரோடு வந்தது. வணிகம் கைமாறியபோது மறைந்தது. அதன் வழிபாட்டு மொழி சீரியம். சிங்களத்திலோ தமிழிலோ அது நூல் செய்ததாகச் சான்றில்லை. மக்கள் மொழியிற் பேசாத போதனை மக்களிடத்து வேரூன்றாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

கேரளத்திலோ அச்சபை நிலைத்து நின்றது. அங்கு 1599இல் நிகழ்ந்தது ஈழத்து மாணவரும் அறியற்பாலது. கோவா நகரப் பேராயர் மெனேசஸ் அவ்வாண்டு யூன் மாதத்தில் உதயம்பேரூரில் ஒரு பேரவையைக் கூட்டினார். பழைய சீரிய வேதத்திற் குறைந்திருந்த நூல்களைச் சேர்க்குமாறு அப்பேரவை பணித்தது. நெஸ்தோரியக் கொள்கையுடையன எனக் கருதப்பட்ட ஏடுகளைத் திருத்துமாறும் எரிக்குமாறும் ஆணையிட்டது. பன்னூறாண்டு பேணப்பட்ட சுவடிகள் பல அழிந்தன. இதனாலும் பிற காரணங்களாலும் எழுந்த சினம் 1653இல் மட்டாஞ்சேரியிற் பெருங்கூட்டமாகச் சபதஞ் செய்து பிரியும் அளவுக்கு வளர்ந்தது.

ஈழத்திலும் கிறித்தவம் ஒன்றையொன்று மறுத்தே அடுத்தடுத்து வந்தது. போர்த்துக்கேயர் உரோமச் சபையைக் கொணர்ந்தனர். 1656இற் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையை நாட்டிக் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்தனர். 1687இல் இத்தீவுக்கு வந்த யோசேவ் வாஸ் அடிகள் கிறித்தவரான ஒல்லாந்தரிடமிருந்தே மறைந்து வாழ நேர்ந்தது. அவருக்குப் பின்னர்ப் பௌத்த மன்னனின் கண்டி இராச்சியமே புகலிடமாயிற்று. அங்கேயே அவர் 1711இற் காலமானார். 2015ஆம் ஆண்டு சனவரி 14இற் கொழும்பிலே அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலையும் திருகோணேச்சரத்தையும் இடித்தமை வரலாறறிந்த செய்தி. அந்நினைவே கிறித்தவத்தின் தோற்றத்தைப் பற்றி நம்மவர் கொள்ளும் கருத்தை இன்றும் ஆள்கின்றது. ஆயின், கோயிலை இடித்தது ஓர் அரசின் படை. அதே சமயத்தின் வேறொரு பிரிவினர் அநுராதபுரத்திற் படையின்றி வாழ்ந்து சென்றனர். கேரளத்தில் அவர் உறவினரே தம் சுவடிகளை அப்போர்த்துக்கேயரிடம் பறிகொடுத்தனர். இடித்தவரையும் இழந்தவரையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே தீர்ப்புக் கூறுதல் நீதியாகாது.

ஒப்புமை சான்றாகுமா?

தோற்றம் பற்றிய வழக்கு தொல்பொருளோடு நின்றுவிடுவதன்று; தமிழர் போற்றும் நூல்களையும் அது தொடுகின்றது. 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையர், தோமையாரின் நகராகிய மயிலாப்பூர்க் கடற்கரையில் வள்ளுவர் கிறித்தவ ஆசிரியரோடு உலாவி அவர்தம் கருத்துகளைக் கேட்டிருக்கலாம் எனத் தம் முன்னுரையில் எழுதினார். தமிழுக்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது. 1900இல் திருவாசகத்தையும் மொழிபெயர்த்து உலகறியச் செய்தவர் அவரே. எனினும், இக்கருத்துக்கு அவர் காட்டியது ஒப்புமையன்றிச் சான்றன்று. அன்பையும் பொறையையும் அருளையும் போற்றும் நூல்கள் பல நாடுகளிற் பல காலங்களில் எழுந்துள்ளன. 1960களின் இறுதியிலும் 1970களிலும் வள்ளுவரைக் கிறித்தவரெனவே காட்ட முற்பட்ட நூல்கள் தமிழ்நாட்டில் வெளிவந்தன. அவையும் இந்நெறியையே பின்பற்றின.

இவற்றை மறுக்கும் இந்துக்கள் சிலர் மறுபக்கத்தில் அதே பிழையைச் செய்வதுண்டு. 1894இல் நொட்டோவிச் என்னும் உருசியர் ஒருவர், யேசு இளமையில் இந்தியாவுக்கு வந்து கற்றார் என்றும், லடாக்கிலுள்ள ஹேமிஸ் மடத்திலே இதனைக் கூறும் ஏடுகளைத் தாம் கேட்டறிந்தார் என்றும் ஒரு நூல் வெளியிட்டார். மாக்ஸ் முல்லர் அவ்வாண்டிலேயே இதனை ஐயுற்று எழுதினார். ஆக்ராக் கல்லூரி ஆசிரியர் டக்ளஸ் 1895இல் அம்மடத்துக்கு நேரிற் சென்று வினவ, அத்தகைய ஏடு எதுவும் தம்மிடம் இல்லையென மடத்தலைவர் மறுத்தார். இருந்தும், யேசுவுக்கு இந்தியாவே குருபீடம் என்னும் பெருமை இன்றளவும் சிலர் நாவில் வாழ்கின்றது. வள்ளுவர் கிறித்தவரிடங் கற்றார் என்பதற்குச் சான்று கேட்கும் ஒருவர், யேசு நம் முனிவரிடங் கற்றார் என்பதற்குஞ் சான்று கேட்டல் வேண்டும். கேளாது விடின், அவர் நாடுவது வரலாறன்று, வெற்றியேயாகும்.

ஒரே அளவுகோல்

இவ்வொரே அளவுகோல் நம்மவருக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் இளமையிற் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்பிற் பங்குகொண்டவர்; அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாயிற்று. 1854இல் அவர் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகாரம்' என்னும் நூலில், சைவரின் கோயிற் கிரியைகளை இகழ்ந்த பாதிரிமாருக்கு அவர்தம் பழைய ஏற்பாட்டிலேயே பலியும் தூபமும் தீபமும் விதிக்கப்பட்டிருத்தலை எடுத்துக் காட்டினார். பிறர் நூலை அவர் ஓதி அறிந்த பின்னரே வாதத்திற் புகுந்தார். உங்கள் கோலால் எங்களை அளப்பீராயின் அதே கோலால் உங்களையும் அளந்துகொள்வீர் என்பதே அவர் வாதத்தின் சாரம். அக்கோல் இருபுறமும் செல்வது. அதனை எடுத்தவர் வழிவந்தோர் அதற்குத் தம்மை விலக்காக்கிக்கொள்ள இயலாது.

இதனை நம் சமயத்தின் நடுவிலேயே ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். சைவ சித்தாந்தத்தின் முதனூலாகிய சிவஞானபோதத்தின் பன்னிரு சூத்திரங்களை மெய்கண்டார் தமிழிலே முதனூலாகச் செய்தாரா, இரௌரவ ஆகமத்திலிருந்து மொழிபெயர்த்தாரா என்பது சைவ அறிஞரிடையே நெடுநாள் நடந்துவரும் வழக்கு. இவ்வழக்கு எழுந்தமையாற் சிவஞானபோதத்தின் மெய்ப்பொருள் குறைந்துவிட்டதாக எந்தச் சைவரும் எண்ணுவதில்லை. உபநிடதங்களுக்குச் சங்கரரும் இராமாநுசரும் வெவ்வேறு பொருள் கண்டமையால் அவற்றை எவரும் தள்ளிவிடவுமில்லை. அவ்வாறாயின், சுவிசேஷங்களின் காலத்தைப் பற்றியும் நீக்கேயா, எபேசு வழக்குகளைப் பற்றியும் கேட்டவுடன் கிறித்தவத்தின் அடிப்படையே ஆட்டங்கண்டது என இந்து மாணவர் மகிழ்தல் முறையாகுமா? நூலின் தோற்றம் பற்றிய வழக்கு வேறு; நூலின் பொருள் பற்றிய தீர்ப்பு வேறு.

வழக்காடிய கிறித்தவரே இன்று இதனை உணர்ந்துள்ளனர். 1994ஆம் ஆண்டு நவம்பர் 11இல், எபேசுப் பேரவைக்கு 1563 ஆண்டுகளின் பின்னர், உரோமப் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுலும் அசீரியக் கீழைத் திருச்சபையின் தலைவர் நான்காம் மார் தின்காவும் வத்திக்கானிற் கூடி, கிறிஸ்துவைப் பற்றிய தம் நம்பிக்கை ஒன்றே என ஒரு கூட்டறிக்கையிற் கையொப்பமிட்டனர். மரியாளைக் குறிக்கும் இரு வழக்குகளும் முறையானவையே என அதில் ஒப்புக்கொண்டனர். எவ்வேறுபாட்டின் பொருட்டு உதயம்பேரூரில் ஏடுகள் எரிந்தனவோ, அவ்வேறுபாடு பெரும்பாலும் சொல்லைப் பற்றியதே என்பது பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பின் விளங்கிற்று. எரிந்த ஏடுகள் மீளவில்லை.

தொகுத்துக் கூறுமிடத்து, தோமையார் ஈழத்துக்கு வந்தமைக்குச் சான்றில்லை. போர்த்துக்கேயருக்கு முன் இங்குக் கிறித்தவம் இல்லை என்பதும் பிழை. 6ஆம் நூற்றாண்டிற் பாரசீக வணிகரோடு வந்த கீழைத் திருச்சபையே இத்தீவின் முதற் கிறித்தவம். அதன் போதனை பிற்காலத்து ஆட்சியாளர் கொணர்ந்த போதனைகளின் வேறானது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் இந்து மாணவர் தம் அயலவரின் சமயத்தைப் பற்றிப் பேச நேரும்போது, அதன் தோற்றத்தைப் பெருக்கியுங் கூறாது சுருக்கியுங் கூறாது, உள்ளவாறே கூறக் கற்றல் வேண்டும். அவ்வாறு கற்றவர் தம் தலபுராணத்தையும் தம் நூல் வரலாற்றையும் அதே கண்கொண்டு நோக்க அஞ்சார். அஞ்சாது நோக்கியபின் எஞ்சி நிற்பதே அவரவர் சமயத்தின் உறுதிப்பொருளாம்.